உப்புத் தண்ணீரும் துளசிமணியின் தலைமுடியும்

துளசிமணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது இந்தப் படியில்தான், தம்பி. இப்போது நீங்கள் ஏறி வந்தீர்களே, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடம், அங்கே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நிறைகுடம். தலையில் துண்டு. அந்த நாட்களில் வீட்டை விட்டு வெளியே வந்தால் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வருவாள், யாரும் தலையைப் பார்த்துவிடக் கூடாது என்று. நான் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பி இறங்கிக்கொண்டிருந்தேன். பையில் இரண்டு பாட்டில் தண்ணீர். ஒன்று இந்தக் கட்டிடத்து உப்புத் தண்ணீர், இன்னொன்று சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். அதிகாரிகளே குடித்துப் பார்த்துச் சொல்லட்டும் என்று எடுத்துப் போனேன்.

"ஏன் உக்காந்துட்டே?" என்றேன்.

"சும்மாதானுங்க. நீங்க போயிட்டு வாங்க."

நான் நாலு படி இறங்கியபோது மறுபடி கூப்பிட்டாள். "ஏனுங்க, பாட்டில் மூடிய நல்லா இறுக்குங்க. மனுவெல்லாம் நனைஞ்சு போகும்."

இறுக்கினேன். போனேன். அவ்வளவுதான்.

எதிர்வீட்டுச் சாவி இதோ இருக்கிறது, காட்டுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே? வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், வாடகைக்கு யார் வந்தாலும் நான்தான் திறந்துவிட வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி நீங்கள் கேட்டதுதான். தண்ணி எப்படிங்க? மற்றவர்களுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தீர்கள். அதனால் சொல்கிறேன்.

நான் பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதியெல்லாம் நானே படித்துக்கொண்டது. பழைய புத்தகக் கடையில் பத்தாம் வகுப்பு வேதியியல் புத்தகம் வாங்கி, கால்சியம், மெக்னீசியம், குளோரைடு எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தேன். தண்ணீர் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை மேலே ஏற்றுகிற மோட்டாரோடுதானே கழிந்தது.

இங்கே வருவதற்கு முன்னால் நாங்கள் மில் தொழிலாளர் லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வாசலிலேயே சிறுவாணி. கோயம்புத்தூர்க்காரனுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி இருக்கிற கர்வம் உங்களுக்குத் தெரியாது. சொந்த வீடு என்று ஆசைப்பட்டு இங்கே வந்தோம். இது அப்போது ஊராட்சி எல்லை. குழாய் இணைப்பு கிடையாது. போர்த் தண்ணீர்தான். வாயில் ஊற்றினால் கரிக்கும். அரப்புத் தூள் போட்டுத் தலைக்கு ஊற்றினால் தலையில் மண் மாதிரி அப்படியே நிற்கும், போகவே போகாது.

துளசிமணிக்கு முடி என்றால் முடி. எங்கள் கல்யாணத்துக்கு வந்த கம்பெனிக்காரர்கள் பெண்ணைப் பற்றி வேறு எதுவுமே சொல்லவில்லை. "ஏப்பா, உம் பொண்டாட்டி பின்னலை எடுத்து மடியில வெச்சுட்டுத்தாம்ப்பா உக்கார்றாங்க!" என்றார்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று அவளுக்கும் தெரியும்.

இங்கே வந்து இரண்டாவது வருஷம் சித்திரையில் ஆரம்பித்தது. தலையணையில் முடி. குளியலறை ஓட்டையில் முடி. சீப்பில் எடுத்தால் கை நிறையப் பந்து. ஒருநாள் தட்டப்பயிறுக் குழம்பில் ஒரு முடி கிடந்தது. நான் கோபக்காரன் இல்லை, தம்பி. தட்டைத் தள்ளிவைத்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் சமைக்கும்போதும் தலையில் துண்டு கட்டிக்கொண்டாள். நான் கட்டச் சொல்லவில்லை.

இந்தக் கட்டிடத்துப் பெண்களுக்கு வேறு வேலை ஏது? படியில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு காரணம். சின்ன வெங்காயத்தை அரைச்சுத் தேய் என்பாள் ஒருத்தி. கண்ணுபட்டிருக்கும், உப்பும் மிளகாயும் சுத்திப் போடு என்பாள் இன்னொருத்தி. ஷாம்பு போட்டியா, நீ ஷாம்பு போட்டிருப்பே என்று ஒருத்தி குற்றவாளியைப் பிடித்த மாதிரி கேட்டாள். துளசிமணி எல்லாவற்றுக்கும் சிரித்தாள். "போனாப் போகுதுங்க்கா. எனக்கென்ன, இன்னொரு கல்யாணமா ஆகப் போகுது?" என்றாள்.

அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு விளையாட்டு இல்லை. நான் உப்பு அளக்கிற கருவி ஒன்று வாங்கினேன். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் விட்டால் எண் காட்டும். இந்தத் தண்ணீரில் ஆயிரத்து எண்ணூறு காட்டியது. சிறுவாணியில் ஐம்பதைத் தாண்டவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"அதை என் தலைல வெச்சுப் பாருங்க, என்ன காட்டுதுன்னு பாக்கலாம்" என்று கேலி செய்தாள்.

நானும் சும்மா இருந்தவன் இல்லை. தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். வீட்டிலேயே வைத்துக்கொண்டு சாகடித்தான் என்று என் மகன் சொல்கிறான் பாருங்கள், அது பொய். அழைத்துப் போனேன். காந்திபுரத்தில் பெரிய பெயர் உள்ள டாக்டர். அவர் என்ன செய்தார்? முடிக்கு வந்தவளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். "படியேறினா மூச்சு வாங்குதுங்களாம்மா?" என்று கேட்டார்.

"வாங்கும்ங்க" என்றாள்.

"மூணு மாடிங்க, டாக்டர். லிஃப்ட் இல்லை. எனக்கே வாங்கும்" என்றேன்.

அப்புறம் பாடம் நடத்துகிற மாதிரி ஆரம்பித்தார். பெண்களுக்கு முடி கொட்ட ஏகப்பட்ட காரணம் இருக்கிறதாம். ரத்தம் குறைந்தால் கொட்டுமாம். தைராய்டு என்றார். பிள்ளை பெற்றுச் சில மாதத்தில் கொட்டும், அது தானாக நின்றுவிடும் என்றார். பெரிய காய்ச்சல் வந்து போனால், சாப்பாடு சரியில்லை என்றால், மனசில் பெரிய கவலை இருந்தால், சில மாத்திரைகளால், மாதவிலக்கு நிற்கப் போகிற வயசில், தாய்வழி தகப்பன்வழிச் சொத்தாக, இழுத்து இறுக்கிப் பின்னுவதால்கூட. நான் கடைசி வரை காத்திருந்தேன். தண்ணீர் என்ற வார்த்தை வரவேயில்லை. நானே கேட்டேன்.

"உப்புத் தண்ணியா? முடி முரடாகும், சிக்கு விழும், ஒடியும். வேரோட இப்படிக் கொத்துக் கொத்தா வர்றதுக்கு வேற காரணம் இருக்கும்ங்க" என்றார். நான் படித்த புத்தகம் அவர் படித்திருக்க மாட்டார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு அவளைப் பார்த்து, "மாசாமாசம் எப்படிம்மா? ரொம்பப் போகுதா? நாள் தள்ளிப் போய்ட்டே இருக்குதா?" என்று கேட்டுவிட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்செல்லாம் கிடையாது, தம்பி. அத்தனை வருஷத்தில் அவளும் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அது ஒரு மரியாதை. ஒரு அந்நிய ஆண் முன்னால் அவளைச் சங்கடப்பட விடலாமா? நானே சொல்லிவிட்டேன். "அதெல்லாம் ஒழுங்காத்தான் இருக்குதுங்க, டாக்டர்."

அவள் குனிந்துகொண்டாள். காப்பாற்றினீர்கள் என்று நினைத்திருப்பாள்.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து யோசித்தேன். ரத்தத்தில் இருப்பதெல்லாம் எங்கிருந்து வருகிறது? நாம் குடிக்கிற தண்ணீரில் இருந்துதானே. வேரைப் பார்க்காமல் இலையைப் பார்த்து என்ன பயன்? அதனால் நான் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். முறையாக, கழுவின பாட்டிலில், காலையில் வருகிற முதல் தண்ணீரைப் பிடித்து.

அறிக்கை வந்தது. நான் சொன்னதுதான் அதில் இருந்தது.

அதன் பிறகு ஒரு ஏற்பாடு செய்தேன். மெயின் ரோட்டு முனையில் ஒரு தெருக்குழாய் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை சிறுவாணி விடுவார்கள். இனிமேல் துளசிமணி குடிக்க, சமைக்க, தலைக்கு ஊற்ற எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அந்த வருஷம்தான் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. குடம் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் தூக்கினாள். அவளுக்காகத்தானே. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. மூன்று மாடி. தண்ணீர் வருகிற நாளில் பாத்திரம் எல்லாம் நிறைகிற வரை ஏறி இறங்குவாள். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து வருவாள். பழக்கம் இல்லாத வேலை. கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று நினைத்தேன்.

நல்ல தண்ணீர் ஊற்றியும் முடி நிற்கவில்லை. அதற்கும் காரணம் கண்டுபிடித்தேன். குடிப்பதற்கு மட்டும் நல்ல தண்ணீர் என்றால் போதுமா? துணி துவைப்பது இந்தத் தண்ணீரில்தானே. அவளோ துவைத்துக்கொண்டே இருந்தாள். விடியும் முன்பே எழுந்து போர்வையை, பாவாடையை, படுக்கை விரிப்பைத் துவைப்பாள். நான் எழுந்து வரும்போது மொட்டை மாடிக் கொடியில் எல்லாம் காய்ந்துகொண்டிருக்கும். நேற்றுத் துவைத்த விரிப்பை இன்று ஏன் துவைக்கிறாய் என்று கேட்டால், "வேர்வைங்க" என்பாள். மார்கழியிலா வேர்க்கும் என்று கேட்டேன். பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கையெல்லாம் அந்த உப்பில் ஊறி வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. முகமும் அப்படித்தான். உப்பு உடம்பில் இருக்கிற நிறத்தையெல்லாம் எடுத்துவிடும், தெரியுமா?

வாயும் கெட்டுவிட்டது அவளுக்கு. ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டு எப்போதும் காலி. கடக் முடக் என்று கடித்துத் தின்பாள். அரிசிப் பானையில் கைவிட்டுப் பச்சரிசியை வாயில் போட்டுக்கொண்டே இருப்பாள். சின்னப் பிள்ளையா நீ என்று அதட்டினேன். "என்னமோ தெரியலீங்க, நாக்கு கேக்குது" என்றாள். கரிப்புத் தண்ணீர் குடித்த நாக்கு வேறு என்ன கேட்கும்?

அப்போதுதான் ரோஸலின் டீச்சர் நடுவில் வந்தார். கீழ்வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒருநாள் நான் மோட்டார் அறையில் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன், வந்து பக்கத்தில் நின்றார்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. துளசிக்கு உடம்புல ரத்தம் நிக்க மாட்டேங்குது. மாசத்துல பாதி நாள் போகுது. கர்ப்பப்பைல கட்டி கிட்டி இருக்கலாம். பொம்பள டாக்டர் ஒருத்தர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

எனக்குக் காது கூசியது. "எங்க வீட்டுக் கொடியில என்ன காயுதுன்னு பாக்கறதுதான் உங்க வேலையா டீச்சர்?" என்றேன்.

"பாக்கலீங்க. அவளே எங்கிட்ட அழுதா."

"எங்கிட்ட அழுகலியே?"

"உங்ககிட்ட எப்படிண்ணா சொல்லுவா? நீங்க தண்ணியப் பத்தியில்ல பேசறீங்க."

எப்படிப்பட்ட பேச்சு பாருங்கள்! நான் யாருக்காகத் தண்ணீரைப் பற்றிப் பேசினேன்? அந்த அம்மாள் எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரியின் கட்சி. சங்கக் கூட்டத்தில் போர்த் தண்ணியே போதும், இணைப்புக்கு அலைய வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அதற்கு மேல் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. துளசிமணியிடமும் சொல்லிவிட்டேன், கீழ்வீட்டுப் பக்கம் போகாதே என்று.

செக்ரட்டரி கோவர்த்தனன் இருந்தாரே, அவர் இன்னும் மோசம். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அறிக்கையை எடுத்துப் படித்தேன். என் வீட்டில் ஒருத்திக்குத் தலையே காலியாகிவிட்டது, இதற்கு இந்தச் சங்கம் பொறுப்பு என்றேன்.

"ஏனுங் பெரியவரே, எங்க வீட்டு நாய்க்கும் இதே தண்ணிதானுங்க. அதுக்கு ஒரு மசுரும் கொட்டுலயே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் விடவில்லை. "உங்க தலையப் பாருங்க, அதே சாட்சி" என்றேன். அவருக்குப் பளபளவென்று வழுக்கை.

"இது எங்கப்பன் எழுதி வெச்ச சொத்துங்க. போர் போடறதுக்கு முன்னாடியே கைக்கு வந்துருச்சு" என்றார். அதற்கும் சிரிப்பு. துளசிமணிகூடப் பின்வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். தனக்காக ஒருவன் நின்று சண்டை போடும்போது சிரிப்பு வருமா ஒருத்திக்கு?

அன்றிலிருந்து மனு. ஊராட்சிக்கு, குடிநீர் ஆபீசுக்கு, எம்எல்ஏ வீட்டுக்கு. ஒவ்வொன்றையும் நானே எழுதுவேன். திருத்தி மறுபடி எழுதுவேன். அவள் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மனுவில் அவள் பெயரை எழுதியிருந்தேன். 'என் மனைவி துளசிமணி, வயது நாற்பத்தேழு, மேற்படி தண்ணீரால் பாதிக்கப்பட்டு.' படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன்.

"ஏனுங்க, ஒருநாள் எங்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?" என்றாள்.

"எதுக்கு?"

"ஒருதடவை காட்டிட்டு வந்துரலாம்ங்க. தனியாப் போக பயமா இருக்குது. நடந்தா தலை சுத்துது."

நான் முடியாது என்று சொல்லவில்லை. அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று சொல்லவே இல்லை. "திங்கக்கிழமை கலெக்டர்கிட்ட மனு இருக்குது. குடுத்துட்டு வந்தர்றேன். செவ்வாய்க்கிழமை போலாம்" என்றேன்.

"செரிங்க" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமைதான் குழாயில் தண்ணீர் வந்தது. நான் என்ன செய்ய முடியும்? அவர்கள் விடுகிற அன்றுதான் பிடிக்க முடியும்.

கலெக்டர் ஆபீசில் என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அது என்றுகூடச் சொல்லலாம். கூட்டம் நெருக்கியது. என் முறை வந்ததும் இரண்டு பாட்டிலையும் மேஜைமேல் வைத்தேன். ஒரு பாட்டிலில்கூடச் சொட்டு ஒழுகவில்லை. அந்த அதிகாரி உப்புத் தண்ணீரை உண்மையாகவே வாயில் ஊற்றிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, "இதை மனுஷன் குடிப்பானாய்யா?" என்றார். நான் கற்ற வேதியியல் எல்லாம் சொன்னேன். எதிர்த்துப் பேசாமல் கேட்டார்கள். உடனே நடவடிக்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் வரும்போது அவளிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வந்தால் படியெல்லாம் தண்ணீர். குடம் உருண்டு கீழ்மாடி வரை போயிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. ரோஸலின் டீச்சர் அவளை ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. ரத்தம் ஏற்றுவதற்கு ஊசி குத்தினார்களாம், அதற்குள்ளாகவே.

டாக்டர் சின்னப் பெண். என் மகன் வயசுகூட இருக்காது. "உடம்புல ரத்தமே இல்லையே. வெளுத்துப் போய்க் கெடக்காங்க. இவ்வளவு நாளா என்னங்கய்யா பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"தண்ணிக்கு மனு குடுத்துட்டிருந்தேம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தம்பி. பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி. படித்தவர்களுக்கு ஒரு திமிர். ரத்தமே இல்லை, ரத்தமே இல்லை என்கிறாளே, ரத்தம் இல்லாமலா ஒருத்தி அன்று காலை வரை குடம் தூக்கினாள்? எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாளே, மூடியை இறுக்கச் சொன்னாளே. யாராவது யோசித்தார்களா? ஒருவராவது என்னிடம் அந்தத் தண்ணீர் அறிக்கையை வாங்கிப் பார்த்தாரா? சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன்.

மகன் ஓசூரில் இருக்கிறான். கருமாதி அன்று ரோஸலின் டீச்சர் அவனிடம் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன ஓதினாரோ தெரியாது. அதிலிருந்து அவன் என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. வருஷத்தில் அவள் திதிக்கு வருவான். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பேன். ஒரு வாய் குடிக்காமல் கிளம்பிவிடுவான். சிறுவாணிதாண்டா, குடி என்று சொன்னாலும் குடிப்பதில்லை. அப்போது மனசில் விழுந்த உப்பு பயம் அப்படி.

ஆமாம், சிறுவாணிதான். அந்தக் கையெழுத்து வீண்போகவில்லை. அவள் போனதற்கு அடுத்து வந்த தை மாதமே குழாய் பதித்துவிட்டார்கள். என் ஒருவனுடைய மனு. கோவர்த்தனன் குழாய்க்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, தான் கொண்டுவந்த மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார். கீழே மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். நான் அதில் இல்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஆகவே தண்ணீருக்குக் கவலையே வேண்டாம், தம்பி. வாங்க, வீட்டைத் திறக்கிறேன். உங்கள் வீட்டம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பழைய போரை மூடவில்லை. மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு குழாய் மட்டும் அதற்கு விட்டு வைத்திருக்கிறார்கள், வண்டி கழுவ, செடிக்கு ஊற்ற. ரோஸலின் டீச்சர் ஒருவர்தான் இன்னும் அதில் தலைக்குக் குளிக்கிறார். அத்தனை வருஷப் பழக்கமாம், மாற்ற மாட்டாராம். சனிக்கிழமை ஆனால் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தலையைக் காயவைத்துக்கொண்டிருப்பார். நான் அந்த நேரத்தில் கீழே இறங்குவதில்லை. இன்று சனிக்கிழமைதான், போகும்போது உங்கள் கண்ணில் படும். வயசு எண்பது ஆகப் போகிறது. முடி இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. நரைத்திருக்கிறது, அவ்வளவுதான்.